உப்புத் தண்ணீரும் நான் வெட்டிய வரிகளும்

போன சனிக்கிழமை கோலா கெடாவுக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். நானும் வீட்டுக்காரரும். எங்கள் பாக்கார் ஆராங் சந்தையில் மீனே கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும். ஆனால் படகிலிருந்து இறங்கிய மீன்தான் மீன் என்பது எங்கள் வீட்டில் ஒருவருடைய கொள்கை. காடி ஓட்டுவதும் அவரேதான் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி. நாற்பது வயதிருக்கும். கையில் நண்டுப் பை. என்னை உற்றுப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே... கப்பு ஓட்டைன்னு சொன்னது நீங்கதானே?"

வீட்டுக்காரர் பெருமையாகத் தலையாட்டினார்.

"அக்கா எழுதுறத எங்க வீட்ல சத்தமா படிப்போம்லா. அன்னைக்கு எங்கம்மாவுக்கு சிரிச்சு சிரிச்சுப் பொரையேறிடுச்சு." தம்பி என் பக்கம் திரும்பினார். "உப்புத் தண்ணி டிப்ஸ்கூட ஞாபகம் வச்சிருக்கேன்க்கா. போன மாசம் எங்க மாமாவுக்குப் பல்லு புடுங்குனாங்க. வீட்டுக்கு வந்ததும் நல்லா கொப்பளிங்கன்னு சொன்னேன்."

என் கையிலிருந்த மீன் நழுவித் தட்டில் விழுந்தது.

"மாமா... இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லாதான் இருக்காரு. ரெண்டு நாளு ரத்தம் வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

இரண்டு நாள். அவர் அதை மழை பெய்து நின்றதைச் சொல்வது போலச் சொன்னார். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் — தம்பி, நான் எழுதியது தப்பு, இனி யாருக்கும் சொல்லாதீர்கள் என்று. சொன்னேனா? இல்லை. அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு, மீனை நிறுக்கச் சொன்னேன்.

திரும்பி வரும்போது, காடி குரூண் ஊரைத் தாண்டிய பிறகு, வீட்டுக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார். "இன்னும் எத்தன வீட்ல அத ஒட்டி வச்சிருக்காங்களோ. எழுதிடு. ஒன் அக்காவப் பத்தியும் சேர்த்தே எழுதிடு."

அதனால் எழுதுகிறேன். நாலைந்து மாதமாக ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து, வேறு எதையோ எழுதி அனுப்பிக்கொண்டிருந்த விஷயம் இது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகப் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டதில் பாதி வாய் மரத்துப்போயிருந்தது. மனுஷன் நேராக வீட்டுக்கு வந்தாரா? கோப்பிக் கடைக்குப் போய் ஐஸ் கோப்பி சொல்லியிருக்கிறார். குடிக்கக் குடிக்க ஒரு பக்கமாக ஒழுகிச் சட்டையெல்லாம் கோப்பி. இவருக்கோ உதடு இருப்பதே தெரியவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, "கப்பு ஓட்டையா இருக்கு, வேற கப்புல குடு" என்று சண்டை பிடித்திருக்கிறார். மூன்று கப் மாற்றினார்கள்.

இதைத்தான் இந்தப் பத்தியில் எழுதினேன். கதையோடு சேர்த்து, பல் டாக்டர் எங்களிடம் சொல்லி அனுப்பியதையும் எழுதினேன். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, எதை எப்போது... எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பேப்பர் ஆபீசிலிருந்து போன். "அக்கா, விளம்பரம் ஒண்ணு வந்துருச்சு. அஞ்சு வரி குறைக்கணும். நீங்களே சொல்லிடுங்க, எத வெட்டலாம்?"

நான் யோசித்தேனா? அரை நிமிஷம் இருக்கும். கப்பு ஓட்டையை வெட்ட முடியுமா? அதுதானே பத்தியின் உயிர். கோப்பிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டது? அதுவும் வேண்டும். டாக்டர் சொன்ன பாகம்தான் கொஞ்சம் வளவளவென்று இருந்தது. அதில் ஐந்து வரியை எடுக்கச் சொன்னேன். மீதி இருந்தது ஒரே ஒரு வரி: "உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள், புண் சீக்கிரம் ஆறும்."

எப்போது கொப்பளிக்க வேண்டும் என்பது வெட்டிய வரிகளில் போய்விட்டது.

அந்த வாரம் வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப்பையும் பார்க்க வேண்டுமே. எல்லாம் கப்பு ஓட்டைதான். உப்புத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒருவர் வெட்டி வைத்திருந்தார்.

என் அக்கா சரோஜா. கரங்கானில் இருக்கிறாள், தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிய பிறகு வாங்கிய தாமான் குடியிருப்பு வீட்டில். அறுபத்தாறு வயது. மகன் ஜோகூரில் ஃபேக்டரியில் வேலை. அத்தான் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளுக்கு இதயம் சீராகத் துடிப்பதில்லை என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒன்று. 'ரத்தத்தத் தண்ணியாக்குற மாத்திரை' என்பாள்.

நான் எழுதுவதை அக்கா ஒரு வாரமும் விட்டதில்லை. பிடித்ததைக் கத்தரித்து வைப்பாள். அவள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் காய்கறிக் கடைக் காலண்டர், அத்தானின் ஆஸ்பத்திரிக் கார்டு, என் பத்தி நாலைந்து. நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். அவற்றில் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒரு நாளும் நின்று படித்துப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு மார்பில் ஒரு கட்டி. பினாங்கில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை பத்து நாள். அந்தப் பத்து நாளில் அக்கா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லையென்றால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. (பாப்பா நான்தான். எனக்கு ஐம்பத்தெட்டு.)

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. நான் அதோடு மறந்துவிட்டேன். அக்கா மறக்கவில்லை. அத்தான் இறந்ததால் ஒரு வருஷம் கோயில் காரியம் எதுவும் செய்யக் கூடாதென்று இருந்தாள். அது முடிந்து, இந்தத் தைப்பூசத்துக்குத்தான் மாலை போட்டு விரதம் இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு. தரையில் படுக்கை. ஃபோனில் பேசினால் குரலே வேறு மாதிரி, அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது பல் வலி வந்தது. கன்னம் வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மேரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண், விரதக்காரிக்குத் தினம் வாழைப்பழம் வாங்கி வந்து கொடுப்பவள், அவள்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பல் டாக்டர் சின்னப் பெண். மாத்திரைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, ரத்தத்தைச் சோதித்து, பல்லைப் பிடுங்கி, தையலும் போட்டுப் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது. இன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. மலாயில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாராம். அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது. அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள்.

அவர்கள் செய்தது எல்லாமே சரி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மேரி அவளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயில் ரத்தம் ஊறியது. மற்ற நாளாக இருந்தால் விழுங்கியிருப்பாள். ஆனால் விரதம். மீன் நாற்றம்கூட வீட்டுக்குள் வரக் கூடாதென்று சட்டியையெல்லாம் மேலே ஏற்றிவைத்தவள், ரத்தத்தை விழுங்குவாளா? தன் ரத்தமாக இருந்தால் மட்டும் அது சைவமா? துப்பவும் கூடாது என்கிறார் டாக்டர். என்ன செய்வாள்?

என்னைக் கூப்பிட்டாள்.

பதினொன்று பத்துக்கு ஒரு தடவை. பதினொன்று பதினெட்டுக்கு ஒரு தடவை. அடுத்து இன்னொரு தடவை. மூன்றும் இன்னும் என் ஃபோனில் இருக்கின்றன, அழிக்க மனம் வரவில்லை.

நான் அப்போது உங்களுக்காக எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாகக் கிடக்கிறார்களே என்று ஒரு பத்தி. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நல்ல பழக்கத்துக்கு நானே உதாரணமாக இருக்க வேண்டாமா? ஃபோனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்திருந்தேன். நடுவில் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன். அக்கா பெயர். வழக்கமான விசாரிப்பாக இருக்கும், முடித்துவிட்டுப் பேசலாம் என்று மறுபடி கவிழ்த்தேன்.

தெரியாமல் எடுக்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. பார்த்தேன்.

நான் எடுக்கவில்லை என்றதும் அக்கா என்ன செய்தாள்? எழுந்துபோய் ஐஸ்பெட்டிக் கதவில் என்னைத் தேடினாள். அங்கே நான் இருந்தேன். நன்றாகக் கொப்பளியுங்கள், சீக்கிரம் ஆறும் என்று சொல்லிக்கொண்டு.

பஞ்சை எடுத்து எறிந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். சிவப்பாக வந்தது. சரி, புண்ணுக்கு இன்னும் வேண்டும்போல என்று மறுபடி கொப்பளித்தாள். உறைய வந்த ரத்தத்தை ஒவ்வொரு முறையும் கழுவி எடுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ரத்தம் கூடக் கூடக் கொப்பளிப்பும் கூடியது. உப்பு ஜாடி பாதியாகிவிட்டது என்று பிறகு மேரி சொன்னாள்.

மூன்று மணிக்கு மேரி வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தபோது, அக்கா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் அப்போதும் தண்ணீர் டம்ளர்.

மேரி கூப்பிட்ட அந்த ஃபோனை மட்டும் உடனே எடுத்தேன். தெரியாத நம்பர் என்பதால்... யாராவது வாசகராக இருக்குமோ என்று.

"அக்கா, நான் மேரி பேசுறேன். பயப்படாதீங்க. சரோஜாக்காவுக்கு ரத்தம் நிக்கல. குலிமுக்குத் தூக்கிட்டுப் போறோம். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் நின்றிருந்தது. தையலைப் பிரித்துப் பார்த்து மறுபடி தைத்து, மருந்தில் நனைத்த துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, நேராக உட்காரவைத்துக் கடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே ஒரு வேளைச் சாப்பாட்டில் இருந்த உடம்பு. ரத்தம் ஏற்றவேண்டி வந்தது.

அன்று பணியில் இருந்த நர்ஸ், மிஸி என்போமே, கொஞ்சம் கண்டிப்பான மலாய்க்காரம்மா. "மாக்சிக், கொப்பளிக்கக் கூடாதென்று கிளினிக்கில் சொல்லவில்லையா?" என்று கேட்டார். அக்கா தலையசைத்தாள், சொன்னார்கள் என்று. "பின்னே ஏன் செய்தீர்கள்?"

அக்கா துணியைக் கடித்தபடியே என்னைக் கை காட்டினாள். பல்லிடுக்கில் வந்த மலாயில், "என் தங்கச்சி. பேப்பரில் எழுதுகிறவள்," என்றாள். காட்டிக்கொடுக்கிற குரலே இல்லை. பத்துப் பேருக்கு முன்னால் பெருமைப்படுகிற குரல்.

மிஸி என்னைப் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் துணியை எடுத்த பிறகு கேட்டேன். "ஏன்க்கா, டாக்டரே சொன்னாங்கல்ல? பேப்பர்கூட குடுத்தாங்களே."

"டாக்டர் நேத்துதான் என்னப் பாத்தாங்க," என்றாள் அக்கா. "நீ என் தங்கச்சி."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியக் கூடாதென்று கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

நாமெல்லாம் படித்தவர் சொல்வதைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. பிடித்தவர் சொல்வதைத்தான் கேட்கிறோம். அதனால்தான் பிடித்தவர் ஏனோதானோவென்று பேசக் கூடாது. எழுதவும் கூடாது. இத்தனை வருஷமாக வாரம் தவறாமல் எழுதுகிற எனக்கு இது இப்போதுதான் உறைத்தது.

அக்காவை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இதயத்துக்குச் சிரமமாகிவிட்டது, பழையபடி இருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர். நீண்ட தூரம் நடக்கக் கூடாது. தலையில் பாரம் கூடவே கூடாது. நான் கேட்டேன், "இந்த வருஷம் மட்டும்தானே டாக்டர்?" அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இனி எப்போதுமே வேண்டாம் என்றார்.

டாக்டர் போனதும் அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் எடுக்குறேன்க்கா, ஒனக்குப் பதிலா," என்றேன்.

"இந்த வாரம் என்னா சாப்ட்ட?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் நாசி கண்டார் கடையில் சோறு, கோழியும் மீன் முட்டையும் வைத்து. அவள் இத்தனை நாள் யாருக்காக வயிற்றைக் கட்டினாளோ அந்த ஆள் சாப்பிட்டது அது.

"விடு பாப்பா," என்றாள். "முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு."

தைப்பூசத்தன்று அவளைச் சுங்கை பட்டாணிக்குக் கூட்டி வந்தேன். கோயிலுக்கு எதிரே பந்தல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மஞ்சள் புடவைதான் கட்டியிருந்தாள். பால்குடங்கள் வரிசையாகப் போயின. அவள் வயதுப் பெண்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட நடந்தார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் அக்கா கை கூப்பினாள். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, நான் சங்கடப்படுவேன் என்று. நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் உயிருக்காக வேண்டியவளின் வேண்டுதலை நானே நிறைவேறாமல் பண்ணிவிட்டு, குடை பிடித்தேன்.

சரி. இப்போது நான் வெட்டிய வரிகள். இடம் போதவில்லையென்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதைத் தொடாதீர்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன்.

பல் பிடுங்கிய அன்று கொப்பளிக்கக் கூடாது, துப்பவும் கூடாது. குழியில் உறைகிற ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. எச்சிலோடு கொஞ்சம் ரத்தம் வந்தால் மெதுவாக விழுங்கிவிடலாம். வைத்த பஞ்சை டாக்டர் சொன்ன நேரம் வரை கெட்டியாகக் கடித்திருக்க வேண்டும்; நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகும் கசிந்தால், சுத்தமான துணியை மடித்து நனைத்து, குழியின் மேல் வைத்து, நேராக உட்கார்ந்து அரை மணி நேரம் விடாமல் கடிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான், அதுவும் மெதுவாக.

இதற்கு மேல் அந்த மிஸி சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரைக் கேட்காமல் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விரதம் இருப்பவர்களுக்கு? என் அக்கா போகிற கோயில் ஐயரிடமே கேட்டேன். "தன் வாயில் வந்த ரத்தத்தை வைத்தியத்துக்காக முழுங்கினா விரதம் போயிடுமாம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். முதலிலேயே கேட்டிருக்கலாம். யாரையாவது.

கோலா கெடாவில் பார்த்த தம்பிக்கு: உங்கள் மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தப் பத்தி உங்கள் வீட்டில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். கப்பு ஓட்டை கதை வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்காரர் நேரிலேயே சொல்வார், கேட்காமலேயே சொல்வார்.

போன வாரம் கரங்கானுக்குப் போய் ஐஸ்பெட்டிக் கதவிலிருந்து அந்தத் தாளை நானே பிரித்தேன். அக்கா தடுக்கவில்லை. "எடத்த சும்மா விடாத. வேற ஏதாச்சும் எழுதிக் குடு, ஒட்டிக்கிறேன்," என்றாள். இன்னும் என் எழுத்தைத்தான் கேட்கிறாள். இத்தனைக்கும் பிறகு.

அக்கா, இந்த வாரம் எதையும் வெட்டி ஒட்டாதே. ஃபோன் பண்ணு... எடுக்கிறேன்.